உப்பிழந்த மண்! உறங்கிய அதிகாரம்!

2020 டிசம்பர் 30. விடியற்காலை மணி நான்கு. நார்வே நாட்டின் தலைநகரான ஆஸ்லோவிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறது யெர்ட்ரும் வட்டாரம். அதிலே ஆஸ்க் என்று ஒரு சிற்றூர். வெளியே உறைபனி. உள்ளே, கதகதப்பான வீடுகளில், மக்கள் நல்ல உறக்கத்தில் இருந்தனர். புத்தாண்டு பிறக்க இரண்டே நாள் இருந்தது.

அந்த நேரத்தில் அவர்களுடைய காலடி மண் ஓடத் தொடங்கியது.

மண் சரிந்தது என்று எழுதினால் போதாது. சரிவது என்றால் மலைச் சரிவிலே பாறையும் கல்லும் உருளுவது நம் நினைவுக்கு வரும். இங்கே உருண்டது பாறை அல்ல. நேற்று வரை வீட்டையும் வீதியையும் காரையும் தாங்கி நின்ற கெட்டிக் களிமண், கூழாகி, ஆறு போல ஓடிற்று. சுமார் 13 லட்சம் கன மீட்டர் மண் சில நிமிடங்களில் பெயர்ந்து போயிற்று. முப்பதுக்கு மேற்பட்ட குடும்பங்களின் வீடுகள் அந்தச் சேற்றில் மூழ்கின. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். பத்துப் பேர் மாண்டனர். அவர்களில் குழந்தையும் உண்டு. மீட்க வந்தவர்கள் அந்தச் சேற்றில் கால் வைக்க முடியாமல், ஹெலிகாப்டரில் தொங்கியபடி தேட வேண்டியதாயிற்று.

நார்வே ஏழை நாடல்ல. எண்ணெய் வளம் கொழிக்கும் நாடு. கல்வியிலும் மருத்துவத்திலும் உலகத்துக்கு எடுத்துக்காட்டு என்று புகழப்படும் நாடு. அந்த நாட்டில், தலைநகருக்குப் பக்கத்தில், கான்கிரீட் அடித்தளம் போட்ட வீட்டில் படுத்துறங்கியவன் காலையில் எழுந்திருக்கவில்லை. ஏன்?

"இயற்கையின் சீற்றம்" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டுப் போவோர் உண்டு. வெள்ளம் வந்தால் இயற்கை. பாலம் இடிந்தால் இயற்கை. வீடு புதைந்தால் இயற்கை! யார் மீதும் பழி இல்லை. யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மலர் வளையம், ஓர் அனுதாபச் செய்தி, அதோடு கோப்பு மூடப்படும். நாம் அந்தப் பேச்சை ஏற்பதற்கில்லை. ஆஸ்க் ஊரின் மண் ஏன் ஓடியது என்பது மர்மமல்ல. அதன் காரணம் ரசாயனப் பாடத்தில் இருக்கிறது. அந்தப் பாடம் எழுதப்பட்டு எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. எழுதியவர்களும் அதே நார்வே நாட்டு விஞ்ஞானிகள்தாம்! தெரிந்த உண்மையைக் கையில் வைத்துக்கொண்டே பத்து உயிரைப் பறிகொடுத்தார்கள். அதனால்தான் இதை நாம் பேசுகிறோம்.

சீட்டுக்கட்டு வீடு

களிமண் என்பது என்ன? நம் தோழர்களில் கொத்தனார்கள் உண்டு. செங்கல் சூளையில் வேலை செய்பவர்கள் உண்டு. குயவர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. களிமண்ணைக் கையால் அறிந்தவர்கள் அவர்கள். ஆனால் அதைப் பூதக்கண்ணாடிக்குள் வைத்துப் பார்த்தால் தெரிவது வேறு.

மணல் என்பது உருண்டைக் குருணை. களிமண்ணோ தகடு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் இரண்டு பங்குக்கும் குறைவான அளவுள்ள, மெல்லிய மெல்லிய தகடுகள். இந்தத் தகடுகளின் முகத்திலே மின்சாரம் ஏறியிருக்கிறது, எதிர்மின்சாரம். ஒரே வகை மின்சாரம் கொண்டவை ஒன்றையொன்று தள்ளும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே தகடுகள், தம் போக்கில் விட்டால், ஒன்றோடொன்று ஒட்டமாட்டா; விலகி விலகிப் போகும்.

இங்கேதான் உப்பு வருகிறது. கடல் நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அந்த உப்பிலே நேர்மின்சாரம் கொண்ட சோடியம் துகள்கள் ஏராளம். அவை தகடுகளைச் சுற்றி மொய்த்துக்கொண்டு, தள்ளும் சக்தியை மழுங்கடித்துவிடுகின்றன. சண்டைக்காரர்கள் நடுவே ஊர்ப் பெரியவர்கள் புகுந்து நிற்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தள்ளுதல் ஓய்ந்ததும் தகடுகள் நெருங்குகின்றன. ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் முகத்திலே ஒட்டுகிறது. பிள்ளைகள் சீட்டுக்கட்டை நிறுத்தி வைத்து வீடு கட்டுகிறார்களே, அதே போல! சீட்டுக்குச் சீட்டு இடையே வெற்றிடம். அந்த வெற்றிடம் முழுவதும் நீர்.

நார்வே, ஸ்வீடன், கனடா ஆகிய நாடுகளின் மேல் ஒரு காலத்தில் பெரும் பனிப்பாறை கிடந்தது. சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அது உருகி விலகிற்று. பனியாறுகள் அரைத்துத் தள்ளிய நுண்ணிய மண், கடலோரத்திலே உப்பு நீரில் படிந்து, நாம் சொன்ன சீட்டுக்கட்டு வீடாக அமைந்தது. பனியின் பாரம் நீங்கியதும், பாரம் இறக்கிய கட்டுமரம் மிதந்து எழுவது போல, நிலம் மெல்ல மெல்ல எழுந்தது. ஆஸ்லோவைச் சுற்றியுள்ள பகுதியில் அன்றைய கடல் மட்டம் இன்றைய மட்டத்துக்கு 200 மீட்டருக்கு மேலே இருந்தது என்றால் நிலம் எவ்வளவு எழுந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்! கடலடி மண் கரை மண்ணாயிற்று. கரை மண் வயலாயிற்று. வயல் வீட்டு மனையாயிற்று.

ஆனால் மழை ஓயவில்லை. பனி உருகுவது ஓயவில்லை. நன்னீர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்தக் களிமண்ணின் ஊடே கசிந்து கசிந்து, உப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு போயிற்று. லிட்டருக்கு 30 கிராமுக்கு மேல் இருந்த உப்பு, சில அடுக்குகளில் 2 கிராமுக்கும் கீழே வந்துவிட்டது. நடுவே நின்ற பெரியவர்கள் போய்விட்டார்கள். தகடுகளின் பழைய பகை மீண்டும் தலைதூக்குகிறது.

அப்படியானால் வீடு உடனே இடிந்துவிடுமா? இல்லை. சீட்டுக்கட்டு வீடு யாரும் தொடாத வரை நிற்கும். தட்டிப் பார்த்தால் கெட்டி; மேலே நடந்தால் கெட்டி; வீடு கட்டினாலும் கெட்டி. ஆனால் உள்ளே இருக்கும் நீரின் அளவோ, அந்த மண்ணைக் கூழாக்கத் தேவையானதைவிட அதிகம். ஓரிடத்தில் அசைந்தால் போதும், தகடுகள் சரியும், சரிந்தவை மீண்டும் ஒட்டமாட்டா, ஒட்ட வைக்க உப்பு இல்லை. பிடித்து வைத்திருந்த நீர் விடுபடும். கட்டி மண் கஞ்சியாகும். ஓர் ஓரம் ஓடினால் அதற்குப் பின்னால் நின்ற மண்ணுக்குத் தாங்கல் போயிற்று, அதுவும் ஓடும், அதன் பின்னால் இருப்பதும் ஓடும். ஓடை ஓரத்திலே தொடங்கிய சரிவு, பல நூறு மீட்டர் தள்ளி உறங்குபவனின் கட்டிலை வந்து இழுக்கும்.

நார்வே மக்கள் இதற்கு "க்விக் களிமண்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். துடிப்புள்ளது, உயிருள்ளது என்று பொருள். செத்தது போலக் கிடந்து திடீரென்று எழுந்து ஓடுவதனால் அந்தப் பெயர்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம் ஊர்ப் பழமொழி. சோற்றுக்குச் சொன்னது; மண்ணுக்கும் பொருந்துகிறது!

தெரியாமல் நடந்ததா?

1893 மே மாதம் 19. நார்வேயின் வேர்டால் பள்ளத்தாக்கில் ஒரே இரவில் ஐந்தரைக் கோடி கன மீட்டர் களிமண் ஓடியது. 116 பேர் மாண்டனர். அன்றைக்கு ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. ஆண்டவன் சித்தம் என்று அழுதார்கள். அவர்களை நாம் குறை சொல்லமாட்டோம்.

பிறகு விஞ்ஞானம் வந்தது. ஐவான் ரோசன்க்விஸ்ட் என்ற நார்வே அறிஞர், உப்பு கரைந்து போவதே இந்தக் களிமண்ணின் நோய் என்ற விளக்கத்தை 1953-இல் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார். வாயால் சொன்னதோடு நிற்கவில்லை. சோதனைச்சாலையில் உப்பு நீரில் களிமண்ணைப் படிய வைத்து, பிறகு நன்னீரை அதன் ஊடே செலுத்தி உப்பை வெளியேற்றி, மண் எப்படித் தன் உறுதியை இழக்கிறது என்று கண்ணுக்கு முன் காட்டினார்கள் அவரும் அவருடைய தோழர்களும்.

இதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு. இன்றும் அங்கே மாணவர்களுக்குக் காட்டுகிறார்கள். தரையிலிருந்து குலையாமல் வெட்டியெடுத்த க்விக் களிமண் துண்டின் மேல் பாரத்தை வைக்கிறார்கள், தாங்குகிறது. அதே துண்டைக் கிண்ணத்தில் போட்டுக் கரண்டியால் கிளறுகிறார்கள். ஒரு சொட்டு நீர் சேர்க்கவில்லை, ஆயினும் மோர் போல ஊற்றக்கூடியதாகிவிடுகிறது. அடுத்து ஒரு பிடி உப்பைப் போட்டுக் கிளறுகிறார்கள், கெட்டிப்படுகிறது! நோய் என்ன, மருந்து என்ன, இரண்டும் அந்தக் கிண்ணத்துக்குள் இருக்கின்றன.

1978 ஏப்ரல் 29. ரிஸ்ஸா என்ற ஊர். ஒரு விவசாயி தன் கொட்டகையை விரிவாக்கத் தோண்டினார். எடுத்த மண் 700 கன மீட்டர். அதை ஏரிக்கரை ஓரத்திலே கொட்டினார். அந்தச் சிறு பாரம் போதுமானதாயிற்று. கரை உடைந்தது, அது பின்னால் இருந்ததை இழுத்தது, முடிவில் 33 ஹெக்டேர் நிலம், 50 லட்சம் கன மீட்டருக்கு மேற்பட்ட மண், ஏரிக்குள் ஓடிற்று. பண்ணைகளும் வீடுகளும் படகு போல மிதந்து சென்றதைச் சிலர் காமிராவில் படம் பிடித்தார்கள். உலகத்துப் பொறியியல் கல்லூரிகளிலெல்லாம் அந்தப் படம் ஓடிற்று. ஒருவர் உயிரிழந்தார்.

அதற்குப் பின்னர் நார்வே சர்க்கார் நாடு முழுவதும் இத்தகைய நிலங்களை வரைபடமாக்கும் வேலையைத் தொடங்கிற்று. நல்ல வேலை, பாராட்டுகிறோம். இன்று அந்த வரைபடத்தில் சிவப்புக் கோடு விழுந்த நிலங்களில் லட்சம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியும்.

ஆக, தெரியாது என்ற வாதம் செல்லாது.

ஓடை சொன்ன சாட்சி

இனி ஆஸ்க் ஊருக்குத் திரும்புவோம்.

அங்கே களிமண் அபாயம் இருப்பது 2005-இல் எடுத்த வரைபடத்திலேயே பதிவாகியிருந்தது. ஊருக்குக் கீழே டிஸ்டில்பெக்கென் என்று ஒரு சிற்றோடை. தாண்டிக் குதித்துவிடக்கூடிய ஓடைதான். ஆனால் அது தன் படுகையை ஆண்டுதோறும் அறுத்து அறுத்து ஆழமாக்கிக்கொண்டே போயிற்று. நீர்ப்போக்கைப் பற்றிப் படித்த ஊர்வாசி ஒருவர், இந்த ஓடையின் அரிப்பு ஆபத்தானது என்று 2008-லேயே உள்ளாட்சிக்கு எழுதி எச்சரித்தார்.

விபத்துக்குப் பின்னர் நார்வே சர்க்கார் கமிஷன் அமைத்தது. 2021 செப்டம்பரில் அந்தக் கமிஷன் காரணத்தை அறிவித்தது. ஓடை பல ஆண்டுகளாக அறுத்ததால் சரிவின் அடிப்பாகம் மெலிந்தது. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் வழக்கத்துக்கு மாறாக மழை பெய்து மண் நீரால் நிறைந்தது. மெலிந்த அடி தாங்கவில்லை. ஓடையின் அரிப்பைத் தடுத்திருந்தால் இந்த விபத்தைத் தவிர்த்திருக்கலாம்! இதுதான் தீர்ப்பின் சாரம்.

தோழர்களே, இதை நன்றாகக் கவனியுங்கள். உப்பை இழந்தது ஆயிரம் ஆண்டுக் கதை. அதற்கு எந்த அதிகாரியும் பொறுப்பல்ல. ஆனால் அப்படி உப்பிழந்து, தொட்டால் இடியும் நிலையில் நிற்கும் மண்ணின் காலை, ஒரு ஓடை கண்ணெதிரே அறுத்துக்கொண்டிருந்தது. அதற்குக் கல் பாவி அரிப்பைத் தடுக்காதது மனிதன் கணக்கு. மண்ணின் ரசாயனம் துப்பாக்கியில் குண்டைப் போட்டு வைத்தது உண்மை. விசையின் மேல் விரல் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது யார் என்பதுதான் கேள்வி.

யார்? இங்கேதான் வேடிக்கை. வரைபடம் எடுத்தது ஓர் இலாகா. மனைக்கு அனுமதி கொடுத்தது உள்ளாட்சி. மண் அறிக்கை எழுதியது ஆலோசனைக் கம்பெனி. வீட்டைக் கட்டி விற்றது வேறு கம்பெனி.  ஒவ்வொருவரும் தம் பங்கைச் செய்து முடித்ததாகக் கோப்பிலே கையெழுத்து இருக்கும். எல்லோருடைய கையெழுத்தும் இருக்கிறது. பத்துப் பேருடைய உயிர்தான் இல்லை!

நாம் அந்தச் சிறிய உள்ளாட்சியின் மீது மட்டும் பழியைப் போட்டுவிட்டுப் போக விரும்பவில்லை. சில ஆயிரம் பேர் வாழும் ஊரின் அலுவலகத்தில் களிமண் ரசாயனம் தெரிந்த எஞ்சினியர் எங்கிருந்து வருவார்? வேலையை மட்டும் கீழே தள்ளிவிட்டு, அதைச் செய்யும் ஆளையும் பணத்தையும் மேலே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு எந்த நாட்டில் இருந்தாலும் அதன் பலன் இதுதான்.

இரண்டு ஊர்கள், இரண்டு முடிவுகள்

இதே களிமண் கனடாவிலும் இருக்கிறது. 1971 மே 4 இரவு, க்யூபெக் மாநிலத்தில் செயின்ட் ழான் வியான்னே என்ற ஊர் இதே போல ஓடிற்று. நாற்பதுக்கு மேற்பட்ட வீடுகள் போயின. 31 பேர் மாண்டனர். பழங்காலத்துப் பெருஞ்சரிவு ஒன்று கிடந்த தழும்பின் மேலேயே அந்த ஊர் எழுப்பப்பட்டிருந்தது என்பது பிறகு தெரிய வந்தது. ஊரே கைவிடப்பட்டது.

அதே கனடாவில், ஒண்டாரியோ மாநிலத்தில், லெமியூ என்று இன்னொரு சிற்றூர். அங்கும் ஆற்றங்கரைக் களிமண்ணைச் சோதித்தார்கள். ஓடக்கூடிய மண் என்று தெரிந்தது. என்ன செய்தார்கள்? அறிக்கையை அலமாரியில் வைத்துப் பூட்டவில்லை. 1989 முதல் 1991-க்குள் ஊர் மக்களை வேறிடத்தில் குடியேற்றினார்கள். வீடுகளை அகற்றினார்கள். தாத்தா பாட்டி வாழ்ந்த மண்ணை விட்டுப் போவது எவருக்கும் எளிதல்ல. நிபுணர் பேச்சை நம்பி ஊரையே காலி செய்வதா என்று மனம் கசந்தவர்கள் இல்லாமல் இருந்திருக்க முடியாது.

1993 ஜூன் 20. அந்த வெற்று ஊரின் பக்கத்தில் 17 ஹெக்டேர் நிலம் ஆற்றுக்குள் ஓடிற்று. ஆற்றையே சில நாள் அடைத்துவிட்டது. பள்ளத்துக்குள் வண்டியோடு விழுந்த ஒருவர் காயத்துடன் மீட்கப்பட்டார். சாவு? ஒன்றும் இல்லை.

லெமியூவின் மண்ணும் உப்பிழந்த மண். ஆஸ்க் ஊரின் மண்ணும் உப்பிழந்த மண். ஒரே ரசாயனம், ஒரே ஓட்டம். ஓரிடத்தில் பத்துப் பிணம், மற்றோரிடத்தில் ஒன்றுமில்லை. வித்தியாசம் மண்ணிலே இல்லை, தோழர்களே. எச்சரிக்கையைக் கேட்டவுடன் எழுந்த அதிகாரத்துக்கும், கேட்டும் உறங்கிய அதிகாரத்துக்கும் உள்ள வித்தியாசம் அது!

அவர்கள் சொல்லும் சமாதானம்

"எல்லா ஊரையும் காலி செய்ய முடியுமா?" என்று கேட்பார்கள். முடியாது, நாம் அப்படிச் சொல்லவுமில்லை. ஊரைப் பெயர்ப்பது கடைசி வழி. அதற்கு முன்னால் செய்யக்கூடியவை பல உண்டு, செய்தும் காட்டியிருக்கிறார்கள்.

ஓடைப் படுகையில் கல் பாவி, அரிப்பை நிறுத்தலாம். சரிவின் அடியிலே பாரம் சேர்த்து, தலையிலே பாரம் குறைக்கலாம். சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்து ஆழத்தில் செலுத்தி, களிமண்ணுக்குள்ளேயே தூண்கள் எழுப்பலாம். ஸ்வீடனிலும் நார்வேயிலும் சாலைக்கும் ரயிலுக்கும் இதைத்தான் செய்கிறார்கள். சுண்ணாம்பில் உள்ள கால்சியம் இரட்டை மின்சாரம் கொண்டது. சோடியத்தைவிட இறுக்கமாகத் தகடுகளைக் கட்டும். இழந்த உப்பைத் திருப்பிக் கொடுக்கும் முறையும் உண்டு. பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பைத் துளைகளில் நிரப்பி வைத்தால் அது களிமண்ணுக்குள் மெல்ல மெல்லப் பரவி மண்ணைத் தேற்றுகிறது என்பதை டிரான்ட்ஹைம் நகரத்தில் 2013-இல் தொடங்கிய சோதனையில் கண்டார்கள். வயலுக்கு உரமாகப் போடும் அதே பொட்டாஷ்தான்!

"எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அடுத்தடுத்த மனையிலேயே மண் மாறுகிறதே?" என்பார்கள். மாறுகிறது, உண்மை. நிலத்தடி நீர் எந்த வழியில் ஓடிற்று, எந்த உப்பை எடுத்துச் சென்றது, மெக்னீசியமும் பொட்டாசியமும் எவ்வளவு மிஞ்சின என்பதைப் பொறுத்து ஓர் அடுக்கு நோயாளி, பக்கத்து அடுக்கு ஆரோக்கியம். ஒரு துளை போட்டுவிட்டு ஊருக்கே நற்சான்று எழுதக்கூடாது என்பதற்கு அதுவே காரணம். உப்பு நீர் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். உப்பிழந்த மண் அவ்வளவு எளிதாகக் கடத்தாது. அந்த வித்தியாசத்தைக் கொண்டு, ஹெலிகாப்டரில் கருவியைத் தொங்கவிட்டுப் பறந்தே சந்தேகமான இடங்களைக் கண்டுபிடிக்கிறார்கள். பிறகு அந்த இடத்தில் துளையிட்டு மண்ணெடுத்துச் சோதிக்கலாம். வழி இருக்கிறது. மனம்தான் வேண்டும்.

"செலவு?" என்பார்கள் இறுதியாக. ஓர் ஓடைக்குக் கல் பாவும் செலவு என்ன? முப்பது குடும்பங்களின் வீட்டையும் ஓர் ஊரின் நிம்மதியையும் வாங்கும் செலவு என்ன? உயிருக்கு விலை போட நமக்குத் தெரியாது. போடத் தெரிந்தவர்கள் கூட்டிக் கழித்துப் பார்க்கட்டும்.

பாடம் முடியவில்லை

ஆஸ்க் ஊரோடு கதை முடிந்துவிடவில்லை. 2023 செப்டம்பர் 23 அன்று ஸ்வீடனில் ஸ்டெனுங்சுண்ட் அருகே நாட்டின் முக்கிய நெடுஞ்சாலை ஒன்று இதே வகை மண்ணில் பிளந்து நொறுங்கியது. பக்கத்தில் நடந்த கட்டுமான வேலையில் மண் கொட்டி உயர்த்தியது விசாரணைக்கு உள்ளாயிற்று. கேட்டவுடன் ரிஸ்ஸா விவசாயியின் 700 கன மீட்டர் நம் நினைவுக்கு வருகிறதா, இல்லையா? 2025 ஆகஸ்ட் 30 அன்று நார்வேயின் லெவாங்கர் பகுதியில் நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் அறுந்தன. ஓர் உயிர் மண்ணோடு போயிற்று. 116 பேரைப் பறிகொடுத்த வேர்டால் அங்கிருந்து நெடுந்தூரமில்லை.

மழை முறை மாறிவருகிறது. ஓடைகள் பெருகுகின்றன. கூரையும் தார்ச் சாலையும் கூடக் கூட, மண்ணில் ஊற வேண்டிய நீர் ஒரே பாய்ச்சலாக ஓடைக்கு வருகிறது. ஓடை அறுக்கிறது. பத்தாயிரம் ஆண்டு பொறுத்த மண், அடுத்த பத்தாண்டு பொறுக்கும் என்று எவன் ஜாமீன் நிற்பான்?

நமக்கு என்ன?

"நார்வேயின் களிமண்ணைப் பற்றி நமக்கு என்ன கவலை?" என்று எந்தத் தோழராவது கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பனிப்பாறை நம் தமிழ்நாட்டில் கிடந்ததில்லை. அந்த க்விக் களிமண் நம்மிடம் இல்லை. அதை எண்ணி யாரும் இரவில் உறக்கம் கெட வேண்டியதில்லை.

ஆனால் மண்ணின் ரசாயனம் மண்ணின் பலத்தை ஆளுகிறது என்ற விதி நார்வேக்கு மட்டும் சொந்தமல்ல. நம் கரிசல் மண்ணைப் பாருங்கள். அதன் தகடு வேறு வகை. நீரைத் தன் இடுக்குகளுக்குள் இழுத்து வைத்து வீங்கும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். கரிசல் காட்டில் வீடு கட்டியவன் சுவரின் விரிசலைப் பார்த்துக் கொத்தனாரைத் திட்டுகிறான். குற்றம் பல நேரங்களில் கொத்தனார் கையில் இல்லை, அடித்தளத்துக்குக் கீழே இருக்கிறது. சாலைக்கு அடியில் சுண்ணாம்பு கலந்தால் அந்த மண்ணின் வீக்கம் தணிகிறது. காரணம் அதே கால்சியம், அதே தகடு, அதே மின்சாரம். நார்வேயில் ஓடுவதும் கரிசலில் வீங்குவதும் ஒரே பாடத்தின் இரண்டு பக்கங்கள்.

இன்னொன்றும் உண்டு. மண்ணைத் தோண்டுபவன் யார்? தொழிலாளி. பள்ளத்துக்குள் இறங்குபவன் யார்? தொழிலாளி. அறிக்கை எழுதியவர் நாற்காலியில் இருப்பார். அனுமதி கொடுத்தவர் அலுவலகத்தில் இருப்பார். மண் சரிந்தால் முதலில் புதைபவன் மண்வெட்டி பிடித்தவன். ஆகவே மண்ணைப் பற்றிய அறிவு எஞ்சினியருக்கு மட்டும் உரிய ரகசியமாக இருக்கக்கூடாது. வேலை தொடங்குமுன் "மண்ணைச் சோதித்தீர்களா? அறிக்கை எங்கே? அதிலே என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்கும் உரிமை வேலை செய்பவனுக்கும், அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவனுக்கும் வேண்டும். கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்! 2008-இல் ஓடையைப் பற்றி எழுதியவருக்கு ஒழுங்கான பதில் கிடைத்து, அதன்படி வேலையும் நடந்திருந்தால், 2020 டிசம்பர் 30 ஆஸ்க் மக்களுக்கு மற்றொரு சாதாரண விடியலாக இருந்திருக்கும்.

மண் எச்சரிக்கை கொடுக்காமல் ஓடுவதில்லை. ஓடை அறுப்பது எச்சரிக்கை. சுவர் வெடிப்பது எச்சரிக்கை. பழைய சரிவின் தழும்பு எச்சரிக்கை. படித்தவன் எழுதும் கடிதமும் எச்சரிக்கை. உப்பை இழந்த மண்ணுக்கு உப்பைக் கொடுத்துத் தேற்ற விஞ்ஞானம் வழி சொல்லிவிட்டது. பொறுப்பை இழந்த அதிகாரத்துக்குப் பொறுப்பைத் திருப்பிக் கொடுக்கும் வேலை, கேள்வி கேட்கும் மக்களுடையது.

அந்த வேலையை ஆஸ்க் ஊர் மக்கள் பத்து உயிரைக் கொடுத்த பிறகு தொடங்கினார்கள். நாம் முன்னதாகவே தொடங்குவோம்.